லாரியின் வலது பக்கம்

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் ஒரே இடத்தில் இருந்தது கிடையாது. அவர் லாரி டிரைவர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். பதினைந்து நாள், சில சமயம் இருபது நாள் கழித்து வருவார். இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வாசலில் நின்று செருப்பைத் தேடுவார். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அப்பா என்றால் வந்துவிட்டுப் போகிற ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் பற்றாது. பாதியில் விட்ட சண்டையை அடுத்த டிரிப் முடிந்து வந்ததும் தொடரலாம் என்றால், எதற்குச் சண்டை போட்டோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்து போயிருக்கும்.

நான் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஆபீஸ் என்றுதான் பேர். மேசை, நாற்காலி, மின்விசிறி என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து பெட்டிகளை அடுக்கி, காகிதம் சுற்றி, பசை தடவி பண்டல் போடுகிற வேலை. நான் போட்ட பண்டல்கள் அவர் லாரியில் ஏறி நான் பேர் கேட்டிராத ஊருக்கெல்லாம் போயின. நான் ஓட்டப்பிடாரம் பக்கம் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். வடக்கே அதிகமாகப் போனது மதுரை வரைக்கும். அதுவும் ஆஸ்பத்திரிக்கு.

போன மாசியில் லாரி முதலாளி என்னைக் கூப்பிட்டு விட்டார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். எட்டயபுரம் ரோட்டில் அவருடைய லாரி செட் இருக்கிறது. போனதும் டீ வாங்கிக் கொடுத்தார். அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"உன் வீட்டுக்காரனைக் குடோன் வேலைக்கு வந்துருன்னு கூப்பிடுதேன், வர மாட்டேங்கான். இந்த மூணு மாசத்துல ரெண்டு இடத்துல வண்டியை உரசிட்டு வந்திருக்கான். கேட்டா ரோடு சரியில்லைங்கான்."

"ரோடு சரியில்லாம இருந்திருக்கும் அண்ணாச்சி."

"இருக்கும். இத்தனை வருசமா அதே ரோடுதானே. இந்த டிரிப்புக்கு ரெண்டாவது டிரைவர் கிடையாது, அவனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நீ கூடப் போயிட்டு வா. அவன் எப்படி ஓட்டுதான்னு பாரு. வந்து உள்ளதைச் சொல்லு. நீ சரின்னா அவன்தான் டிரைவர், நான் இனிமே வாயத் திறக்க மாட்டேன். நீ சரியில்லைன்னா குடோன் சாவி."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. நான் என்னத்தைப் பாத்துச் சொல்ல?"

"ஓட்டத் தெரிய வேண்டாம்மா. பயப்படத் தெரிஞ்சாப் போதும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். புருஷனை வேவு பார்க்க என்னையே அனுப்புகிறார். ஆனால் போக மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. குடோன் என்றால் அவர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அந்த மனுஷரோடு தினமும் இருக்க என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது. அதையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். "ஏட்டி, லாரியில பாத்ரூம் கிடையாது. தெரியும்லா?"

"தெரியும்" என்றேன். தெரியாது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

முதல் இரண்டு நாளும் நான் தண்ணீர் குடிக்கவில்லை. சேலத்துக்கு அந்தப் பக்கம் தலைவலி ஆரம்பித்தது. பெங்களூர் தாண்டினபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவதும் நான் வேண்டாம் என்பதுமாக இருந்தது. கடைசியில் கத்தினார். "தண்ணி குடிக்காம செத்துத் தொலையப் போறியா? அங்கன உன் மகன்ட்ட நான் என்ன பதில் சொல்ல?"

"குடிச்சா எங்க போவேன்? உங்களுக்கு என்ன, டயருக்குப் பின்னாடி நின்னுட்டு வந்துருவீங்க."

முப்பது வருஷம் லாரி ஓட்டினவருக்கு இது தோன்றவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மறுநாளிலிருந்து இரண்டு இரண்டரை மணி நேரத்துக்கு ஒருதரம் வண்டியைப் பெரிய பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தினார். "டயருக்குக் காத்துப் பாக்கணும்" என்பார். எந்த லாரிக்கும் அத்தனை தடவை காற்றுப் பார்க்க வேண்டியதில்லை. பங்க்கில் உள்ளவர்களிடம் ஏதோ இந்தியில் சொல்லி கக்கூஸ் சாவியை வாங்கிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

சாலையில் அவர் வேறு ஆள். வீட்டில் நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும். இங்கே டோல்கேட்டில் உள்ளவன், பஞ்சர் ஒட்டுகிறவன், கரும்பு லாரிக்காரன் எல்லோரிடமும் பேச்சு. தெலுங்கு பேசினார், இந்தி பேசினார், சிரித்தார். மண்ணெண்ணெய் அடுப்பை லாரி ஓரத்தில் வைத்துச் சோறு பொங்கி, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தார். நன்றாகவே இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக இந்த மனுஷருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஐதராபாத்துக்கு மேலே ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தக் கடைக்காரரின் மனைவி இவரைப் பார்த்ததும் கேட்காமலேயே இரண்டு சப்பாத்தியும் சர்க்கரை போடாத டீயும் கொண்டு வந்து வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. இவருக்கு சர்க்கரை நோய் என்பது எனக்குத் தெரியும், மாத்திரை சாப்பிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வீட்டில் நான் சீனி அள்ளிப் போட்டுக் கொடுக்கிற காபியை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

லாரியில் ஏறினதும் பிடித்துக்கொண்டேன். "அவகிட்ட சொல்லத் தெரியுது. என்கிட்ட சொல்ல என்ன கேடு?"

"ரெண்டு நாள் இருக்கப் போறேன். நீ ஆசையாப் போட்டுத் தாரே. அதைப் போய் வேண்டாம்பாங்களா?"

"பெரிய கர்ண மகாராசா."

"சவத்த விடுட்டி."

விடவில்லை. அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் இடது பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன், அவர் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அவர் நன்றாகத்தான் ஓட்டினார். அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டிய பதில் என் மனதில் ஏறக்குறைய தயாராகிவிட்டது: கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னால், வண்டி அலுங்காமல் குலுங்காமல் போகிறது.

நாலாம் நாள் காலையில் விழித்துப் பார்த்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல். வெடிப்பு விட்டுக் கிடக்கிறது. பறித்து முடித்த பருத்திமாறு நிற்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன, ஊருக்குத் திரும்பிட்டோமா?" என்று கேட்டேன். பேசக் கூடாது என்று இருந்ததே மறந்துவிட்டது.

அவர் சிரித்தார். "மூணு நாள் ஓடி வந்தாலும் உன் மண்ணு உன்னை விடலை பாத்தியா. இன்னைக்கு சாயங்காலம் காட்டைக் காட்டுதேன், வா."

"இதுதானே காடு" என்றேன்.

எங்கள் ஊரில் காடு என்றால் இதுதான். உளுந்தும் பருத்தியும் கம்பும் விதைக்கிற மானாவாரி நிலம். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு மரம் இருக்காது, அதற்குப் பேர் காடு. காட்டுக்குப் போனேன், காட்டிலே களை வெட்டினேன் என்போம். மரம் அடைந்து கிடக்கிற காட்டை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்திருந்தேன். அதை அன்று சாயங்காலம் பார்த்தேன்.

நாக்பூருக்கு மேலே பெரிய ரோட்டை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டும். நாங்கள் லோடு இறக்க வேண்டிய ஊர் காட்டுக்கு அந்தப் பக்கம். உள்ளே நுழைகிற இடத்தில் வனத்துறை கேட் ஒன்று. இருட்டுவதற்குள் கடந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு பூட்டிவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எதிரே ஒரு பஸ் வந்துவிட்டது. காவலர் லாரியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

"இறங்கி வலது பக்கம் நின்னுக்கோ" என்றார் என் வீட்டுக்காரர். "வா வான்னு சொல்லிக்கிட்டே இரு. போதும்னா பாடியில ரெண்டு தட்டுத் தட்டு."

இறங்கி நின்றேன். லாரி பின்னால் வர ஆரம்பித்தது. "வாங்க" என்றேன். "வாங்க... இன்னும் வாங்க... கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்கி வாங்க... வரலாம்ங்க... போதும்ங்க, நிறுத்திக்கிடுங்க..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் லாரியின் பின்மூலை ஒரு மரத்தில் போய் முட்டிவிட்டது. பின்விளக்கு நொறுங்கியது. தட்டச் சொன்னதே எனக்கு மறந்து போச்சு.

அவர் இறங்கி வந்தார். விளக்கைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏட்டி கோட்டிக்காரி, வண்டிக்கு என்னட்டி மரியாதை?"

"வண்டியையா கூப்பிட்டேன்? உங்களைத்தானே கூப்பிட்டேன்."

"நீ 'ங்க' போட்டு முடிக்கதுக்குள்ள வண்டி மரத்துல நிக்கு. வா-ன்னு சொல்லு. ஒத்தை எழுத்து."

"எனக்கு வராது."

வராதுதான். எங்கள் வயசுப் பெண்கள் புருஷனை வா, போ என்று சொல்லிப் பழகவில்லை. என் மகள் அவள் வீட்டுக்காரரை வாடா போடா என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு நாக்கு புரளாது. லாரி என்ன, மலையே மேலே வந்து விழுந்தாலும் எனக்கு 'வாங்க'தான் வரும் என்று அன்று நினைத்தேன்.

அதற்குள் காவலர் வந்துவிட்டார். மரத்தில் பட்டை உரிந்திருந்தது. அவருக்குக் கோபம். என்னைக் காட்டி ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். அந்தப் பதிலில் 'ஆபீஸ்' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. காவலர் முகம் மாறிவிட்டது. உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துக்கொண்டு வந்து துண்டால் துடைத்து எனக்குப் போட்டார். டீ வந்தது. மறுபடி ஏதோ மரியாதையாகக் கேட்டார், இவரும் மரியாதையாகச் சொன்னார். நோட்டைக் கொண்டு வந்து என்னிடம் கையெழுத்து வாங்கினார். தமிழில் போட்டேன். அதையும் அவர் பணிவாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பையிலிருந்து ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். கேட் திறந்தது.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன். "என்னதான் சொன்னீங்க அந்த மனுஷன்ட்ட?"

"நீ ஆபீஸ்ல வேலை பாக்குதேன்னு சொன்னேன். எவ்வளவு பெரிய ஆபீஸ்னு கேட்டான். முன்னூறு பேர் வேலை பாக்காங்கன்னேன்."

"ஏன் இப்படிப் பொய் சொல்லுதீங்க?"

"இதுல எது பொய்? நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. சிரிக்க ஆரம்பித்தவள் வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். அவரும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து சிரித்தது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. பேசாமல் இருந்த கோபமும் விளக்கு உடைந்த கோபமும் அதில் போய்விட்டன.

கேட்டில் நேரம் போய்விட்டதால் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. தேக்கு மரங்கள் இலை உதிர்த்து நின்றன. ரோடு குறுகல். வலது பக்கமாக ஒரு வளைவு. அந்த வளைவில், வலது ஓரமாக, தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் ரோட்டைக் கடக்க இறங்கினாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அவர் கால் பிரேக் பக்கம் போகவே இல்லை. லாரி அதே வேகத்தில் அவர்களை நோக்கிப் போனது.

"ஏலே, நில்லுலே!"

அது என் குரல்தான். என் தம்பியைக்கூட நான் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. அவர் என்ன ஏது என்று கேட்காமல் பிரேக்கை மிதித்தார். லாரி இழுத்துக்கொண்டு போய் நின்றது. விறகுக்காரி எங்கள் முன்விளக்குக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தாள். அவள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைத் தலையில் சரிபண்ணிக்கொண்டு பிள்ளையோடு அந்தப் பக்கம் இறங்கிப் போனாள். இவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். இடது பக்கம் போன பிறகு.

அவர் இன்ஜினை அணைத்தார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"வலது கண்ணு தெரியலட்டி" என்றார். "எட்டு மாசமாச்சு. மோர்த்தண்ணிக்குள்ள பாக்குத மாதிரி இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லை."

சர்க்கரை கண்ணில் ஏறிவிட்டதாம். டயர் வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போய் டாக்டரைப் பார்த்திருக்கிறார். போன பார்வை திரும்பாது, இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ரெண்டாவது டிரைவருக்கு விஷயம் தெரியும். எட்டு மாசமாக இவருக்கு வலது பக்கம் பார்த்துச் சொன்னது அவர்தான். பின்னால் எடுக்கும்போது டிரைவருக்குத் தெரியாத இடது பக்கத்தில்தான் ஆள் நிற்க வேண்டும். என்னை வலது பக்கம் நிற்கச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கண் போனதற்கு இல்லை, சொல்லாததற்கு. சீனி கூடாது என்று சாப்பாட்டுக் கடைக்காரிக்குத் தெரிகிறது, கண் போனது ரெண்டாவது டிரைவருக்குத் தெரிகிறது. நான் மட்டும் காபியில் சீனி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். ஏசி முடித்ததும் அழுதேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்து, "இருட்டதுக்கு முந்திப் போயிரணும். வலது பக்கம் பாத்துச் சொல்லுதியா?" என்றார்.

சொன்னேன். வேறு என்ன செய்ய முடியும்?

இடது பக்கத்து சீட்டை விட்டு எழுந்து, அவருக்குப் பக்கத்தில் இருந்த இன்ஜின் பெட்டி மேல் போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். அங்கேயிருந்துதான் வலது ஓரம் தெரியும். சூடு போர்வையைத் தாண்டி ஏறும். அந்த இடத்தில்தான் திரும்பி வருகிற வழி முழுக்க உட்கார்ந்து வந்தேன். லோடு இறக்கிவிட்டு, நாக்பூர்ப் பக்கம் துவரம்பருப்பு ஏற்றிக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பினோம். பகலில் மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்று நான் சொன்னேன், அவர் தலையாட்டினார்.

"வலதுல ரெண்டு பைக்கு. மாடு, ஓரமா நிக்கு. பஸ்ஸு ஏறி வருது, விட்ருங்க. இப்ப சும்மா."

ஒன்றும் வரவில்லை என்பதற்கு என் வார்த்தை 'சும்மா'. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவர் கை தானாகத் திரும்பும். நடுவில் பேச்சு. அவர் பார்த்த வெள்ளம், பனி, ஒரு சுரங்கப் பாதைக்குள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது, மகன் பிறந்த சேதி எந்த ஊரில் எந்தப் பெட்டிக்கடை போனில் கிடைத்தது, எல்லாம் சொன்னார். நானும் சொன்னேன். அவர் இல்லாத வருஷங்களில் வீட்டில் நடந்ததெல்லாம் அவருக்குப் புதுசு. நான் சந்தோஷமாக இருந்தேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து எண்ணிப் பார்த்தாலும் அந்த ஏழு நாளைப் போல எனக்கு வேறு நாட்கள் கிடையாது.

ஆதிலாபாத் பக்கம் டீ குடிக்க நிறுத்தினபோது அவர் சொன்னார். "அண்ணாச்சி உன்னை எதுக்கு ஏத்தி விட்டாருன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கே?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லிராத. நீ ஆபீசை விட்ரு. என்கூடவே வா. இப்ப வாரோம்லா, இதே மாதிரி ஓட்டுவோம். குடோன்ல சாவியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தா நான் ஒரு வருசம் தாங்க மாட்டேன்."

அவர் என்னிடம் எதையும் கேட்டவரில்லை. சோறு போடு என்றுகூடக் கேட்க மாட்டார், தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். அவர் கேட்டதும் எனக்கு மனசு இளகிவிட்டது. சரி என்று சொல்லவில்லை, ஆனால் சரி என்றுதான் நினைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம்? அவருக்கு ஒரு கண்ணும் எனக்கு இரண்டு கண்ணும் சேர்த்தால் மூன்றாயிற்று. ஒரு டிரைவருக்கு அது அதிகம்தானே என்று எனக்கு நானே வக்கீல் மாதிரி பேசிக்கொண்டு வந்தேன்.

கர்நூல் தாண்டி, மத்தியானம். வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து அடித்தது. புளிச்சோறு சாப்பிட்டிருந்தோம். திடுக்கிட்டு விழித்தேன். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. லாரி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ரோட்டோரம் வலது பக்கம் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வரிசையாகப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் நிதானமாக, வாயில் ஒரு பாக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். நான் பேசாமல் இருந்ததை ரோட்டில் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"வலதுல பிள்ளைகள் போகுது" என்றேன்.

"ஆட்டும்" என்று வண்டியை இடது பக்கம் ஒதுக்கினார்.

நான் தூங்கினதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அது இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு கோவில்பட்டி வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் வந்தேன். அவர் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார், நானும் பதில் சொன்னேன், ஆனால் எனக்குள் பேச்சு நின்றுவிட்டது. விறகுக்கட்டோடு போன அந்தப் பெண்ணுக்குத் தனக்கு என்ன நடக்க இருந்தது என்பது தெரியவே தெரியாது. அதைக் கண்ணால் பார்த்தது நான் மட்டும்தான்.

விருதுநகரில் பருப்பை இறக்கிவிட்டு செட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூன்று மணி இருக்கும். அண்ணாச்சி வெளியே மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடைந்த பின்விளக்கைப் பார்த்தார். எனக்கு டீ சொன்னார். இவர் லாரி பக்கத்தில் தார்ப்பாயை மடித்துக்கொண்டு நின்றார். மடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றார்.

"சொல்லும்மா" என்றார் அண்ணாச்சி. "எப்படி ஓட்டுதான்?"

இவர் என்னைப் பார்த்தார். தலையை முழுக்க இந்தப் பக்கம் திருப்பி, இடது கண்ணால் பார்த்தார்.

"நல்லா ஓட்டுதாவ அண்ணாச்சி. இவியளை மாதிரி ஓட்ட ஆள் கிடையாது" என்றேன். அதுவரைக்கும் சொன்னது உண்மை. அவர் முகம் லேசாக விரிந்தது. அதையும் பார்த்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னேன். "வலது கண்ணு தெரியலை. சுத்தமாத் தெரியலை."

இவர் வந்து லாரிச் சாவியை மேசை மேல் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். "நாளைக்கு வேண்டாம், திங்கக்கிழமை குடோனுக்கு வந்தாப் போதும்" என்று அண்ணாச்சி சொன்னார். இவர் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன். டீயை யாரும் குடிக்கவில்லை.

பைபாஸைக் கடந்தால்தான் எங்களுக்கு பஸ். அவர் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். இனிமேல் இவர் என்னோடு பேசுவாரா, பேசாமலே தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அவருடைய உயிரை எடுத்து மேசையில் வைக்கச் சொன்னது நான்தான் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று ஆற்றவில்லை.

ரோட்டோரத்தில் போய் அவர் நின்றுவிட்டார். வலது பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். முன்னால் பார்த்தார். மறுபடி திருப்பினார். காலை எடுத்து வைத்தார், பின்னால் இழுத்துக்கொண்டார். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரைக்கும் ரோடு பார்த்த மனுஷர். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

என்னைப் பார்க்காமலே கேட்டார். "எதுவும் வருதா?"

"லாரி ஒண்ணு வருது. அது போயிரட்டும்."

இரண்டு பேரும் நின்றோம். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார்.

"காலி வண்டி" என்றார்.

லாரி எங்களைக் கடந்து போனது. அவர் சொன்னது சரிதான். பின்னால் ஒன்றுமில்லை, மடித்த தார்ப்பாயும் கயிறும்தான் கிடந்தன.